ஸ்பானிஷ் செயலி: நடுவில் ஆங்கிலம் எதற்கு?

வேலைக்காக மத்ரித் வரப்போகும் நண்பர் கேட்டார்: "அந்த ஸ்பானிஷ் கத்துக்கிற ஆப்புக்கு வருஷச் சந்தா பாதி விலைன்னு போட்டிருக்காங்களே, கட்டலாமா? நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்கல்ல?" ஆமாம், காசு கட்டித்தான் வைத்திருக்கிறேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொற்கள் மனதில் நிற்கின்றன. காய்கறி, கிழமை, உறவுமுறை, மருந்துக்கடை என்று அன்றாடத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. மறக்கப்போகிற நேரம் பார்த்து மறுபடி கேட்கிறது. ஒலிப்பதிவும் துல்லியம்.

என் கோபம் வேறு இடத்தில். தமிழ் வழியாக ஸ்பானிஷ் கற்க அதில் பாடம் கிடையாது, ஆங்கிலம் வழியாகத்தான் போகவேண்டும். 'மே துவேலே லா கபேஸா' என்று ஒரு வாக்கியம் வரும். எனக்குத் தலை வலிக்கிறது, அவ்வளவுதான். கேட்டவுடன் புரிந்துவிடும். 'மை ஹெட் இஸ் பெயினிங்' என்று தட்டினால் சிவப்பு விழுகிறது, பாடத்தின் முடிவில் அதே கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. நம் ஊரில் பாதிப்பேர் பேசுகிற ஆங்கிலம் அது. ஸ்பானிஷ் எனக்குப் புரிந்ததா இல்லையா என்றுதானே சோதிக்க வேண்டும்?

'மே குஸ்தா எல் கஃபே' வரும்போது இன்னும் எரிச்சல். எனக்குக் காபி பிடிக்கும் என்பதுதான். ஆங்கிலக்காரருக்கு அது தலைகீழாகத் தெரிவதால் பக்கம் பக்கமாக விளக்கம். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. விகுதியிலேயே ஆள் தெரிவதால் 'நான்' போட வேண்டாம். தமிழில் பிறந்தவருக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? 'தூ', 'உஸ்தேத்' வேறுபாடு ஏறக்குறைய நம் நீ, நீங்கள். 'நாதா'வில் வரும் மெல்லிய த-வை நாம் 'அது' என்னும்போது தினமும் சொல்கிறோம். மரம், மறம் இரண்டையும் பிரித்து உச்சரிக்கிற நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அவர்களுடைய இரட்டை ர-வில் பாதி வேலை முடிந்தது. இத்தனை சுலபமான இடங்களையும் கஷ்டமான பாடமாக்கி நம்மிடம் தருகிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், அது சொல்லித்தருவது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ். மத்ரிதில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது 'பொசோத்ரோஸ்', அதாவது 'நீங்கள் எல்லாரும்', இல்லாமல் முடியாது. அதன் வினைவிகுதிகள் பாடத்தில் எங்கேயும் தலைகாட்டவில்லை.

சந்தைக்கும் அது உதவவில்லை. நான் காய்கறி வாங்குவது லாவாபியெஸ் பகுதியில் உள்ள சான் ஃபெர்னாந்தோ சந்தையில். இந்த ஊரில் சீட்டு எண் தராத கடைகளில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. வருகிறவர் 'கியேன் எஸ் எல் உல்திமோ?', கடைசி ஆள் யார் என்று கேட்பார். கை தூக்குகிறவருக்கு அடுத்து அவர் முறை. கடைக்காரர் 'கே தே போங்கோ?', என்ன போடட்டும் என்றால், 'போன்மே மேதியோ கீலோ தே தொமாதேஸ்.' அரைக் கிலோ தக்காளி போடுங்க! நம் கடைத்தெருப் பேச்சேதான். செயலியோ எனக்கு 'கிசியேரா' என்று மரியாதையாக விண்ணப்பிக்கத்தான் கற்றுத்தந்திருந்தது. தப்பில்லை, ஆனால் தக்காளிக் கடையில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாதி விலை நியாயமான விலைதான். சொல் பழக்குவதில் இதைவிட நல்லதை நான் பயன்படுத்தியதும் இல்லை. இருந்தாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நேற்று இரவும் அதே தலைவலி வாக்கியத்துக்குச் சிவப்பு விழுந்தது, அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

மத்ரித் வந்ததும் பெரியவர்களுக்கான அரசுக் கல்வி மையம் ஒன்றில் பெயர் கொடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணமில்லாமல் ஸ்பானிஷ் வகுப்பு நடத்துகிறார்கள், பாடமும் ஸ்பானிஷிலேயே நடக்கும். அதுவரை ஒரு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் ஸ்பானிஷும் வலப்பக்கம் தமிழும் எழுதிப் பழகுங்கள். என்னுடைய நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.