கடலூரில் 12 வார எடைக் குறைப்புத் திட்டம்: மாவு டப்பாவும் சர்க்கரை மாத்திரையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கும் ஓர் எடைக் குறைப்பு மையத்தில் கடந்த ஆண்டு நானும் என் அக்காவும் 12 வாரத் திட்டத்தில் சேர்ந்தோம். ஆளுக்கு 18,000 ரூபாய் கட்டணம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாலில் கலந்து குடிக்கும் மாவு டப்பாக்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நான் 12 வாரங்களையும் முடித்தேன். அக்கா ஐந்தாம் வாரத்தில் நின்றுவிட்டார். அதற்கான காரணம்தான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. மையத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். புதுச்சேரியில் எங்கள் உறவினர் ஒருவர் சேர்ந்த இடத்தின் உணவு அட்டவணையை வாங்கிப் பார்த்தபோது, அதிலும் ஏறக்குறைய இதே விதிகள்தான் இருந்தன. ஆகவே இது ஒரு கடையைப் பற்றிய புகாராக இல்லாமல், அந்தக் கடை விற்கும் பொருளைப் பற்றிய கருத்தாக இருக்கட்டும்.

எடையைக் குறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு உண்மையாகவே இருந்தது. என் உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ; உடல் நிறை எண் 30-ஐத் தாண்டியிருந்தது. இந்தியர்களுக்கு அந்த எண் 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்றும், 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். அக்காவுக்கு 58 வயது, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலி வேறு. மாடிப்படி ஏற முடியாமல் அவர் நின்று நின்று வருவதைப் பார்த்துத்தான் நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

முதல் வாரத்தில் நான் 2.6 கிலோ குறைந்தேன். மையத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் படத்தை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். எனக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது அந்த எண் நிற்கவில்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 2.6 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் ஒரு வாரத்தில் 20,000 கலோரி பற்றாக்குறை ஏற்பட்டிருக்க வேண்டும். என்னைப் போல் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடல் ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 1,800 கலோரிதான். ஏழு நாளும் தண்ணீரை மட்டும் குடித்துப் பட்டினி கிடந்திருந்தாலும் பற்றாக்குறை 13,000 கலோரியைத் தொட்டிருக்காது. அப்படியானால் குறைந்தது எது? நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. அரை கிலோ அளவுக்குள் இருக்கும் அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தினால் சேமிப்பு செலவாகி, அதைச் சுற்றியிருந்த தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. குடலில் இருக்கும் உணவின் அளவும் குறைகிறது. பழையபடி இரண்டு நாள் சாப்பிட்டால் அந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். முதல் வாரக் கைதட்டலை நம்பித்தான் பலரும் அடுத்த டப்பாவுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கொழுப்பின் சதவீதம், தசையின் எடை, ‘உடலின் வயது’ என்று பல எண்களைக் காட்டும் ஒரு கருவியில் வாரந்தோறும் எங்களை வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். அந்தக் கருவி மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை உடலுக்குள் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. உடலில் தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறும். வெயிலில் நடந்து வந்து வியர்த்த நாளில் எனக்கு ஓர் எண்ணும், மறுநாள் வேறோர் எண்ணும் வந்தன. நீண்ட காலப் போக்கைப் பார்க்க அது ஓரளவு உதவலாம். வாராவாரம் அதை வைத்து ஒருவரைப் பாராட்டுவதும் கடிந்துகொள்வதும் சரியல்ல.

எங்கள் ஆலோசகர் பொறுமையான பெண். யாரையும் உடலைச் சொல்லிப் புண்படுத்தாதவர். அவரோடு நான் அதிகம் வாதிட்டது அரிசியைப் பற்றித்தான். “அரிசியை விட்டால்தான் மேடம் தொப்பை குறையும். சிறுதானியம் என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம்” என்று அவர் சொல்லுவார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையின்படி, சமைக்காத 100 கிராம் வெள்ளை அரிசியில் ஏறக்குறைய 356 கலோரி; கம்பில் 348, சாமையில் 346, வரகில் 332, கேழ்வரகில் 320. வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று சொல்லுமளவுக்கு இவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது: அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். நார் கூடும்போது பசி அடங்குகிறது, குறைவாகச் சாப்பிட முடிகிறது. அந்த வகையில் கம்பஞ்சோறும் கேழ்வரகுக் களியும் நல்லவைதான். நம் தாத்தா பாட்டி காலத்து உணவு மீண்டும் தட்டுக்கு வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது அது விரைவாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. அட்டவணையில் காலை உணவாக இருந்தது அந்தக் கஞ்சிதான். அக்காவுக்கும் அதே அட்டவணையைத்தான் கொடுத்தார்கள்.

சோறா எண்ணெயா, எதைக் குறைக்க வேண்டும் என்ற விவாதத்துக்கும் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மற்றொரு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் குறைத்து, ஓராண்டு பின்தொடர்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் குறைந்திருந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே ஒருவரால் எதை ஆண்டுக்கணக்கில் விடாமல் கடைப்பிடிக்க முடியும் என்பதுதான் கேள்வி. மூன்று வேளை சோற்றை ஒரு வேளையாக்கி, அளவைப் பாதியாக்கி, மீதி இடத்தைக் கீரையாலும் சுண்டலாலும் மீனாலும் நிரப்புவது கடலூர்க்காரர்களால் முடியக்கூடிய காரியம். காலம் முழுதும் சோறே இல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட நடக்கவில்லை.

மாவு டப்பாவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது வேலை செய்கிறது. 600 கலோரி உள்ள ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் பாலில் கலந்த 25 கிராம் மாவை வைத்தால் எடை குறையத்தான் செய்யும். ஆனால் குறைப்பது கலோரியின் அளவே அன்றி மாவுக்குள் இருக்கும் எந்தத் தனிச் சக்தியும் அல்ல. ஒரு டப்பா 2,900 ரூபாய். எனக்கு 12 வாரத்தில் ஆறு டப்பா ஆனது. நான் வாங்கிய டப்பாவில் ஒரு வேளை அளவில் ஒன்பது கிராம் புரதம் என்று போட்டிருந்தது. 40 கிராம் கொள்ளிலும் அந்த அளவுப் புரதம் இருக்கிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் புரதமும் நாரும் சேர்ந்து பசியைத் தாங்க வைக்கும் என்பது சரி. டப்பாவின் பின்பக்கத்தில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகம் சிறிய எழுத்தில் இருந்தது. சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். மையத்தில் வாய்மொழியாகச் சொன்னதோ, தொடர்ந்து குடித்தால் சர்க்கரை தானாக இறங்கி மாத்திரை தேவைப்படாது என்பது.

நச்சு நீக்கும் நீர் என்று வெள்ளரியும் எலுமிச்சையும் ஊறிய தண்ணீரைக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் குடிக்க நன்றாக இருந்தது. உடலின் கழிவை நீக்குவதற்கு ஈரலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டும் சிறுநீரகங்களும் இருக்கின்றன. வயிற்றில் கட்டும் வியர்வைப் பட்டையால் தொப்பையில் உள்ள கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. குடம்புளிச் சாற்று மாத்திரையை நாங்கள் வாங்க மறுத்துவிட்டோம். அந்த வகை மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன, எடையிலோ சொல்லத்தக்க பலன் இல்லை.

இனி அக்காவுக்கு நடந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அட்டவணையின் முக்கிய விதி. இரவில் உண்பது அப்படியே கொழுப்பாக மாறும் என்று விளக்கம் சொன்னார்கள். சீனாவின் குவாங்சூ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-ல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது: இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தார்கள், ஒரு பிரிவினர் மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் உண்டார்கள். அவர்கள் சராசரியாக 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அதாவது, சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பது சிலருக்கு வசதி; அதைத் தாண்டி அதற்குப் பெரிய சிறப்பு இல்லை.

ஆனால் அக்காவுக்கு அது வசதியைப் பற்றிய விஷயமாக இருக்கவில்லை. அவர் காலையும் இரவும் உணவுக்கு முன் கிளிமிப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். நாம் சாப்பிட்டிருக்கிறோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது அந்த மாத்திரையின் வேலை. மெட்ஃபார்மின் என்ற வேறொரு சர்க்கரை மாத்திரையை மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து குறைவு. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், ஐந்தரை மணிக்கு மாவுப் பாலைக் குடித்துவிட்டு, வழக்கம்போல எட்டு மணிக்கு மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு அவருடைய மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் ஓடியபோது அக்காவின் புடவை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து, இறந்துபோன எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கருவியில் சர்க்கரை 54 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. விழுங்கும் நிலையில் அவர் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 82-க்கு வந்தது. பிறகு சோறும் மோரும் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனோம். அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கப் போவதில்லை. அவரை அந்த மையத்துக்கு அழைத்துப் போனவள் நான்.

மறுநாள் மையத்துக்குப் போய்க் கேட்டபோது, குறைந்த கலோரி மாவு உணவால் சர்க்கரை நோயே தணிந்துவிட்டதாக வெளிநாட்டில் ஆய்வு இருக்கிறது என்றார்கள். இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்து 2017-ல் வெளியான அந்த ஆய்வில், நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட மாவு உணவைச் சில மாதங்கள் உண்டவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. மிகப் பெரிய செய்திதான் அது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளன்றே சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் ஆறு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். தங்கள் குடும்ப மருத்துவர்களின் மருத்துவ நிலையங்களில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். அந்தக் கண்காணிப்பை விட்டுவிட்டு மாவை மட்டும் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் முடிவு: 12 வாரத்தில் 6.1 கிலோ குறைந்தேன். திட்டம் முடிந்து மூன்று மாதத்தில் அதில் மூன்று கிலோ திரும்பியது. நின்ற மூன்று கிலோவுக்கும் நான் நன்றி சொல்வது அங்கே கொடுத்த ஒரு சிறிய நோட்டுக்குத்தான். வாயில் போடுவதையெல்லாம் அதில் எழுத வேண்டும், வாரம் ஒருமுறை ஆலோசகர் படித்துக் கையெழுத்திடுவார். எழுதத் தொடங்கிய பிறகுதான், நாளுக்கு நான்கு காபியில் எட்டுத் தேக்கரண்டி, அதாவது 40 கிராம் சர்க்கரை எனக்குள் போகிறது என்பதை உணர்ந்தேன். பண்ருட்டியிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் முந்திரி எப்போதும் வீட்டில் இருக்கும். அடுப்படியைக் கடக்கும்போதெல்லாம் அள்ளிய கைப்பிடிகள் ஒவ்வொன்றும் 170 கலோரிக்குக் குறையாதவை. ஆலோசகர் அந்தப் பக்கங்களை அக்கறையோடு படித்தார்; அதற்கு மட்டும் ஒரு கட்டணம் வைத்திருந்தால் நான் இன்றும் போயிருப்பேன். வாரந்தோறும் கூடும் பெண்களின் துணையும் நல்லது. அவர்களில் இருவரோடு இப்போதும் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறேன்.

எந்த மாத்திரையும் சாப்பிடாத, மாவைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் பொதுவாகச் சொல்லப்படும் கதைகளை அளந்து பார்க்கத் தெரிந்த ஒருவர், ஒழுங்குக்காகவும் துணைக்காகவும் அங்கே போகலாம். டப்பா வாங்காமலே போகலாம். கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பித்தப்பையில் கல் இருந்தவர்கள், கருவுற்றவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டாமல் ஒரு வேளை உணவைக்கூட மாற்ற வேண்டாம். அக்காவின் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இரவில் அளவான சாப்பாட்டைக் கட்டாயமாக்கினார். ஏழு மாதத்தில் அவர் நான்கு கிலோ குறைந்திருக்கிறார்.

அவர் கட்டியதில் மீதமிருந்த ஏழு வாரப் பணத்தைக் கேட்டோம். பணமாகத் தர இயலாது, மாவு டப்பாவாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அன்று மேலாளரிடம் வேறொன்றும் கேட்டிருந்தேன். அவர்களுடைய சேர்க்கைப் படிவத்தில் உயரம், எடை, இடுப்பளவு, எந்த விசேஷத்துக்காக எடையைக் குறைக்க விரும்புகிறீர்கள் என்பது வரை கேள்விகள் உண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன், குறித்துக்கொண்டார். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே சேரப் போவதாகப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த வரி அதில் இல்லை. பேனா எடுத்து, படிவத்தின் ஓரத்தில் அவளுடைய மாத்திரைகளின் பெயர்களை நானே எழுதிக் கொடுத்தேன்.