பில்லில் வெறும் '3050' என்று எழுதினால் பணம் கொடுக்காதீர்கள்: கோவையில் கட்டி வந்த ஒரு கேமிங் பெட்டி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட வேண்டுமென்றால் கோவைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். தமிழில் விலை பேசலாம், சாயங்காலமே பெட்டியோடு ஊர் திரும்பலாம். அப்படி 62,000 ரூபாய்க்கு வாங்கி வந்த ஒரு பெட்டியை, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவரின் வீட்டில் கழற்றிப் பார்த்தோம். கடை பெயர் வேண்டாம். ஒரு கடையைத் தவிர்த்தால் முடிந்துபோகிற விஷயம் இல்லை இது.

பில்லில் இருந்தது இவ்வளவுதான்: ரைசன் 5 ப்ராசஸர், ஏ520 போர்டு (மதர்போர்டு), 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 (கிராபிக்ஸ் கார்டு), 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தருவது), கேபினெட். எழுத்தளவில் இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அதனால்தான் பில்லை வைத்துக் கடைக்காரரை மடக்க முடியவில்லை.

முதலில் கிராபிக்ஸ் கார்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதுமே சந்தேகம் வந்தது. கார்டின் மேல் விளிம்பில் மின்சார கேபிள் செருகும் சாக்கெட்டே இல்லை, பிளாஸ்டிக் மூடி வழவழவென்று ஓடுகிறது. 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் வந்தது 8 ஜிபி: 2560 கோர் (கணக்குப் போடும் பகுதி), 128 பிட் மெமரிப் பாதை, 130 வாட்ஸ். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி: 2304 கோர், 96 பிட், 70 வாட்ஸ். 70 வாட்ஸ் கார்டுக்கு போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்ஸே போதும், ஆகவே பெரும்பாலான 6 ஜிபி கார்டுகளில் சாக்கெட் இருக்காது. மெமரி 2 ஜிபி மட்டும் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கோரும் குறைவு, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல், கிடைக்கும் ஃபிரேமும் குறைவு. தம்பி கொடுத்தது 8 ஜிபிக்கான விலை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மெமரி, பஸ் விட்த் (மெமரிப் பாதையின் அகலம்), ஷேடர் (கோர்) எண்ணிக்கை மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். கடையில் இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

'ரைசன் 5' என்று எழுதிய இடத்தில் உள்ளே இருந்தது 5500. பேச்சு நடந்தது 5600-க்கு. இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேமில் ப்ராசஸரைத் தூக்கிப் பிடிப்பதே இந்தக் கேஷ்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: கார்டோடு பேச 5500 தருவது பழைய தலைமுறைப் பாதையான பிசிஐஇ 3.0 மட்டும். நாளைக்கு போர்டை மட்டும் வேகமான பாதை தரும் பி550-க்கு மாற்றினாலும் கார்டு 3.0 வேகத்தில்தான் ஓடும். அதோடு இந்த ப்ராசஸர் பெட்டி இல்லாமல் வந்த 'ட்ரே' சரக்கு. பெட்டியோடு வருவதற்கு ஏஎம்டி 3 வருட வாரண்டி தருகிறது. ட்ரே சரக்குக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி.

ராம் ஒரே 16 ஜிபி குச்சி. இரண்டு 8 ஜிபி குச்சி போட்டால் மெமரி இரண்டு சானலில் ஓடும், ஒற்றைக் குச்சியில் அகலம் பாதியாகிவிடும். 'கேம் ஓடுது, ஆனா நடுவுல நடுவுல தடுக்குதுங்க' என்று தம்பி சொன்னதில் பாதிக் காரணம் இது. அந்த ஒற்றைக் குச்சியும் 3200 வேகத்துக்கு உரியது, 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை உரிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, யாரும் ஆன் செய்யவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது டெலீட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து சேமித்தால் தீர்ந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் 3200-க்குப் பதில் 1600 என்று பாதி எண் காட்டும், பயப்பட வேண்டாம். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் குச்சிகள் உட்கார வேண்டும்.

எஸ்எஸ்டியில் ஏமாற்று இல்லை, வேகமான என்விஎம்இ ரகம்தான். அதே எம்.2 குச்சி வடிவத்தில் மெதுவான சாட்டா ரக எஸ்எஸ்டியும் வருகிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், சாட்டா நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எங்களுக்கு நிஜமாகவே கோபம் வந்தது எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்தபோது. வெளியே கொட்டை எழுத்தில் 500. பெட்டியைச் சாய்த்து டார்ச் அடித்தால் ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை: +12V, 18A. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள், 216 வாட்ஸ். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான 80 பிளஸ் முத்திரை இல்லை, கார்டுக்கான 6+2 பின் கேபிளும் இல்லை.

கார்டு பற்றிக் கேட்டபோது கடையில் சொன்ன பதில்: 'மேல 3,000 போடுங்க தம்பி, 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 தர்றேன், கேபிளுக்கு கன்வர்ட்டர் இருக்கு.' இதற்கு எக்காரணம் கொண்டும் தலையாட்டாதீர்கள். ஆர்எக்ஸ் 580 2017-இல் வந்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்றதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த பழைய சரக்கில் இதுவும் உண்டு. அதிலும் 2048எஸ்பி என்று ஒரு ரகம், முழு 580-க்கு 2304 கோர், இதற்கு 2048. வயது போகட்டும், மின்சாரத்தைப் பாருங்கள். கார்டு இழுப்பது 185 வாட்ஸ். ஸ்லாட் தருவது 75. கடைக்காரர் சொன்ன கன்வர்ட்டர், ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா மின்சார பிளக்கிலிருந்து எடுப்பது; மீதி 110 வாட்ஸ் அதன் வழியாகப் போக வேண்டும். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் தாங்கும் அளவு 54 வாட்ஸ். பிளக் முதலில் பழுப்பேறும், பிறகு உருகும், பிறகு பற்றும். கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கன்வர்ட்டர் போடுவது தீர்வே அல்ல. இந்த அளவுப் பெட்டிக்கு 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 550 வாட்ஸ், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள். நீங்களே மாட்டுவதானால், ப்ராசஸருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் பிளஸ் மைனஸ் தலைகீழ். ஒன்றை இன்னொன்றில் அழுத்திச் செருகினால் ஷார்ட்.

இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கு வேறு குழி இருக்கிறது. எச்610 போர்டில் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு வகை விற்கிறது, ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. 12400எஃப் போல எஃப் எழுத்தில் முடியும் ப்ராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டை வாரண்டிக்கு அனுப்பினால் அது வரும்வரை திரை கறுப்புதான்.

கொட்டேஷன் கேட்கும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயர், முழு மாடல் நம்பர், மெமரி அளவு, ராம் எத்தனை குச்சி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் உட்காராதீர்கள். பணம் கொடுக்கும் முன் பெட்டியை ஓடவிட்டு ஜிபியு-இசட், சிபியு-இசட் இரண்டையும் போட்டோ எடுங்கள், கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். காலிப் பெட்டிகள் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும். 'பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம்' என்றால், குறைவது ஜிஎஸ்டி மட்டுமல்ல, உங்கள் வாரண்டியும்.

'கேஸ் போடணும்னா கோயம்புத்தூர்லதான் போடணும்' என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்த ஊர்கள் இருக்கும் சித்தூர் தாலுகாக்காரர் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். இந்த விஷயத்தில் கைகொடுத்தது பில் அல்ல, 'எட்டு ஜிபிதான் தம்பி, கவலப்படாதீங்க' என்று கடையிலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதைக் காட்டிய பிறகு கார்டை மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ப்ராசஸர் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை, அது அப்படியே. வரப்போகும் 8 ஜிபி கார்டுக்கு 8 பின் கேபிள் வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டும்வரை அந்தக் கார்டை அது வரும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.