ஈரோடு புத்தகத் திருவிழா: சொந்தச் செலவில் நூல் அச்சிட்டவரின் மதிப்பீடு

காங்கேயம் பக்கத்துக் கிணறுகளில் கவலை (மாடுகளைப் பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் அமைப்பு) ஓட்டி நீர் இறைத்த காலத்தைப் பற்றி நான் எழுதிய நூலைச் சொந்தச் செலவில் 300 படிகள் அச்சிட்டேன். அதை வாசகரிடம் கொண்டு சேர்க்க நான் நாடிய வழிகளில் ஈரோடு புத்தகத் திருவிழாவே அதிகப் பலன் தந்தது. தம் நூலைத் தாமே வெளியிடும் ஒருவருக்கு அது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கிய இத்திருவிழா, பல ஆண்டுகள் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடந்து, அண்மைக் காலமாகச் சிக்கய்ய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் ஆகஸ்ட் மாதத்தில் 12 நாட்கள் நடைபெறுகிறது. பகலில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசோடு வருகிறார்கள். மாலையில் சொற்பொழிவு கேட்க வரும் குடும்பங்கள் அரங்குகளையும் சுற்றிப் பார்க்கின்றன. சந்தைக்கும் நோம்பிக்கும் வருவதைப் போலவே நூல் வாங்கவும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் வருவதால், வட்டாரப் பொருளைப் பற்றி எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கொங்கு நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு விற்பனையாளரிடம், விலையில் 35 விழுக்காட்டை அவர் கழிவாக எடுத்துக்கொள்ளப் பேசி, 100 படிகளை ஒப்படைத்தேன். முதல் இரண்டு நாட்களில் மூன்று படிகளே விற்றன. போய்ப் பார்த்தபோது என் நூல் மேசைக்கடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. மனம் மிகவும் நொந்தாலும், அவரிடம் அனுமதி கேட்டு, நானே அந்த மேசையருகில் ஐந்து மாலைகள் நின்றேன். அட்டையில் இருந்த கவலைப் படத்தைப் பார்த்து நின்ற பெரியவர் ஒருவர், “ஏனுங்க, சாலு, வடம், வால்கயிறு எல்லாம் எழுதியிருக்கீங்களா?” என்று கவலையின் உறுப்புகளைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டினேன். நின்றபடியே நெடுநேரம் படித்தவர், தமக்கொன்றும் பேரனுக்கொன்றுமாக இரண்டு படிகள் வாங்கினார். அந்த ஐந்து மாலைகளில் 58 படிகள் விற்றன. நான் போகாத மற்ற நாட்களில் ஒன்பதுக்கு மேல் போகவில்லை.

முகநூலில் நான் பல வாரங்கள் எழுதியபோது விருப்பக்குறிகள் நிறைய விழுந்தன, விற்பனை சொற்பமே. ஆனால் திருவிழாவில் வாங்கியவர்கள் தங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப் படத்தைப் பகிர்ந்த பிறகு, அஞ்சலில் கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கின. இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை இதற்குக் கைகொடுத்தது: கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும், வரி தனியாகச் செலுத்தி அனுப்பலாம். தரைவழியே செல்வதால் சற்றுத் தாமதமாகும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த ஆகஸ்டில் நூல் வைக்க எண்ணுபவர்கள், ஜூன் மாதமே விற்பனையாளரைச் சந்தித்து, கழிவு எவ்வளவு, நூல் மேசையின் எந்தப் பகுதியில் இருக்கும், விற்காத படிகளை எப்போது திருப்பித் தருவார், பணம் எந்தத் தேதியில் கிடைக்கும் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டுத் தர நூல் எண்ணைப் பணம் கொடுத்து யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. புதுதில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றித் தருகிறது. அது கைக்கு வர நாளாகலாம் என்பதால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.