பேக்ஸ்டேஜ் பாஸ் என்று விற்றார்கள், சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்

ராக் கச்சேரிகளுக்கு 'பேக்ஸ்டேஜ் அனுபவம்' என்ற பெயரில் விற்கப்படும் விஐபி பேக்கேஜ் எதையாவது வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் அன்று என்னோடு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடந்தது பச்சை ஏமாற்று வேலை. வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குழுவின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தங்கள் பெயரில் இப்படி ஒரு வியாபாரம் நடப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் பழி போட மனம் வரவில்லை.

பள்ளிக் காலத்திலிருந்து என்னைத் தாங்கிப் பிடித்த பாடல்கள் அவர்களுடையவை. சாதாரண டிக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை என்று தெரிந்தும் அதனால்தான் வாங்கினேன். கச்சேரிக்கு முன் குழு மேடையில் வாசித்துச் சரிபார்க்கும் ஒலிச் சோதனையை நேரில் பார்க்கலாம், மேடைக்குப் பின்புறம் அழைத்துச் சென்று காட்டுவார்கள், குழுவினரைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், மேடைக்கு அருகே நிற்க இடம் கிடைக்கும் என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பிற்பகலில் பக்கவாட்டு வாசலில் கையில் ஒரு பட்டையைக் கட்டி, கழுத்தில் பளபளப்பான லாமினேட் அட்டை ஒன்றை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். கறுப்புத் திரை தொங்கவிட்ட ஓர் அறைக்குக் கொண்டுபோனார்கள். கயிறு கட்டிய வேலிக்குப் பின்னால் ஒரு கிடார், சுவரை அடைத்துக் குழுவின் பெரிய படம், ஓரத்தில் டி-சர்ட் விற்கும் மேசை. வழிகாட்டியாக வந்த பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, படத்தின் முன் நின்று செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒலிச் சோதனை எப்போது என்று கேட்டேன். "இன்று ஒலிச் சோதனை கிடையாது" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அப்பால் டிரம்ஸ் சத்தம் கேட்டது. முதலில் பெரிய டிரம்மில் ஒரே அடி, திரும்பத் திரும்ப. பிறகு ஸ்நேர், அப்புறம் சிம்பல். கச்சேரிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு வாத்தியமாக மைக்கைச் சரிபார்க்கிறார்கள், அது முடிந்ததும் குழுவே மேடைக்கு வந்து ஓரிரு பாடல்களை வாசித்துப் பார்க்கும். அப்படியே நடந்தது. பல ஆண்டுகளாக எந்த மேடையிலும் வாசிக்காத ஒரு பழைய பாடலை எடுத்தார்கள். முதல் சரணத்தில் பாதி வரை போய் நிறுத்தி, கிடாரை மட்டும் மறுபடி வாசித்து, மீண்டும் தொடங்கினார்கள். என் அருகில் நின்றவர் திரையை ஒதுக்கிச் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பாடலை அன்றிரவு அவர்கள் வாசிக்கவே இல்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த அந்தச் சில நிமிடங்கள் ஒரு சுவர் தள்ளி நடந்து முடிந்துவிட்டன. பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

குழுவினருடனான சந்திப்பு, கச்சேரி முடிந்த பிறகு நடக்கும் என்றார்கள். கச்சேரி பிரமாதம், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கடைசிப் பாடல் முடிந்ததும் சொன்ன கதவருகே போய் நின்றோம். பாதுகாப்பு ஊழியர் என் அட்டையைப் பிடித்துக் கட்டை விரலால் திருப்பி, பின்பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். வெளிர் சாம்பல் பின்னணியில், கண்ணுக்கே புலப்படாத பொடி எழுத்தில்: 'நினைவுப் பொருள் மட்டுமே. எந்தப் பகுதிக்கும் நுழைவு அனுமதி கிடையாது.' அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்குச் செல்லுபடியாகும் பாஸ்கள் எல்லாவற்றின் படமும் அதில் வரிசையாக இருந்தது. எங்கள் அட்டை அதில் இல்லை. "இதே அட்டையோடு போன நிகழ்ச்சியிலும் வந்து நின்றார்கள். எனக்கே சங்கடமாக இருக்கிறது" என்றார் அந்த மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

உண்மையான பாஸ் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுப்பயணம் முழுவதும் வேலை செய்பவர்களுக்குத்தான் லாமினேட் அட்டை. ஒரு நாள் விருந்தினர்களுக்குப் பெரும்பாலும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் துணி ஸ்டிக்கர் தருவார்கள். அதில் அன்றைய தேதியோ ஊரோ குறித்திருக்கும், நிறமோ வடிவமோ நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். நேற்றைய பாஸை வைத்துக்கொண்டு இன்று யாரும் நுழையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அழகாக அச்சிட்டு, தேதியே இல்லாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓர் அட்டை கழுத்தில் விழுந்தால் உடனே அதைத் திருப்பிப் பாருங்கள்.

'நிகழ்ச்சிக்குப் பிறகு சந்திப்பு' என்பதையும் நம்பாதீர்கள். காசுக்கு விற்கும் சந்திப்புகள் பெரும்பாலும் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால்தான் நடக்கும். கடைசிப் பாடல் முடிந்த கணத்திலேயே பின்புறத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடத் தொடங்கிவிடும். பெட்டிகளை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். மேடையிலிருந்து இறங்கி நேராக வண்டியில் ஏறிப் போய்விடும் குழுக்கள் ஏராளம். நாங்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தபோதே எங்கள் குழுவினர் வளாகத்தை விட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் புகார் எழுதினேன். 'நிகழ்ச்சிநிரல் மாற்றத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரிப் பதில். ஏற்பாட்டாளரிடம் கேட்டால், அந்த பேக்கேஜுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அரங்க நிர்வாகம் ஏற்பாட்டாளரைக் கையைக் காட்டியது. குழுவின் மேலாளர், ஏற்பாட்டாளர், அரங்கம், விஐபி பேக்கேஜ் விற்பவர் எல்லோரும் பெரும்பாலும் தனித்தனி அமைப்புகள். இதற்கு மேல் மறுவிற்பனைக்காரர்கள் வேறு. கையில் இன்னும் வராத டிக்கெட்டையே விற்பவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே குழுவின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து போகும் இணைப்பில் இல்லாத எந்த பேக்கேஜையும் வாங்காதீர்கள். அதில் இருந்தாலும், யாரைச் சந்திக்கப்போகிறோம், எத்தனை மணிக்கு, நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்திருந்தேன். அது பெரிய உதவி. நான் புகார் எழுதிய பிறகு 'குழுவினருடன் சந்திப்பு' என்ற வரி 'சந்திக்கும் வாய்ப்பு' என்று மாறிவிட்டது. கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்கள், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோரலாம். பல கார்டுகளுக்கு இதற்கான கெடு 120 நாள். உங்கள் வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தனிப்பட்ட கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணத்தை மீட்பது குதிரைக்கொம்பு. விற்பவர் அப்படிக் கேட்டாலே விலகிவிடுங்கள்.

குழுவின் மேலாளருக்கும் எழுதியிருக்கிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். 1994-இல் பேர்ல் ஜாம் குழுவின் ஸ்டோன் கோசார்டும் ஜெஃப் அமெண்டும் டிக்கெட் கட்டணங்களை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். 2023-இல் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகக் குரல் கொடுத்த பிறகு, டிக்கெட் நிறுவனம் ரசிகர்களிடம் வாங்கிய கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. கலைஞர்களின் காதில் விழுந்தால் அசைவு இருக்கும் என்பதற்கு இவையே சான்று. காதில் விழச் செய்ய வேண்டியது நாம்தான்.

நிறுவனம் இப்போது அடுத்த சுற்றுப்பயணத்துக்குப் பாதி விலைக் கூப்பன் தருகிறேன் என்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் புகார் தீர்ந்துவிட்டதாக வங்கியிடம் காட்டுவார்கள் என்பதால் மறுத்துவிட்டேன். உங்களுக்கும் இதே கூப்பன் வந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துப் புகாரோடு இணைத்து அனுப்புங்கள். வங்கியின் முடிவு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.