ஃபுளோரைடு நீருக்கு ஆர்.ஓ.வா, அலுமினா வடிகட்டியா?

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 1.5. சிறிதளவு ஃபுளோரைடு பல்லைக் காக்கும். மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் போகாது, நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும்.

முதலில் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியை வாங்கினேன். அதிலுள்ள நுண்துளை அலுமினா மணிகள் ஃபுளோரைடைத் தம்மில் பிடித்துவைக்கும். மின்சாரம் வேண்டாம், நீர் வீணாகாது, கால்சியமும் மக்னீசியமும் நீரிலேயே தங்கும். இத்தனை நிறைகள் இருந்தும் எட்டே மாதத்தில் அதைக் கைவிட்டேன்.

அது எப்போது வேலையை நிறுத்துகிறது என்று நமக்குத் தெரியாது என்பதே காரணம். அலுமினா மணிகளில் இடம் நிரம்பியதும் ஃபுளோரைடு தடையின்றிக் கடந்துவரும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குவளையில் அதே தெளிந்த நீர். நீரில் காரத்தன்மை மிகுந்தால் மணிகள் இன்னும் சீக்கிரம் நிரம்பும் என்பதால், இத்தனை லிட்டர் தாங்கும் என்ற கணக்கையும் நம்ப முடியாது. ஆறாம் மாதம் சோதித்தபோது வடிகட்டிய நீரிலேயே 2.4 இருந்தது. அதை எத்தனை வாரமாக என் மகளுக்குக் கொடுத்தேனோ என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. காஸ்டிக் சோடாவில் கழுவி, அமிலத்தால் சமன்செய்து மணிகளைப் புதுப்பிக்கலாம். குழந்தை நடமாடும் வீட்டில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஆர்.ஓ. வாங்கினேன். அது நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்புகளைப் பிரிக்கும் கருவி. அதில் சவ்வு கெட்டால் ஃபுளோரைடோடு மற்ற உப்புகளும் சேர்ந்தே வரும். நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஃபுளோரைடைத் தனியாக அளக்காது. ஆனால் 40 காட்டிய இடத்தில் 200 காட்டினால் சவ்வைப் பார்க்க வேண்டும் என்று புரிந்துவிடும். எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. கழிவாக வெளியேறும் நீர் குடிநீரைவிட அதிகம் என்பது பெருங்குறைதான். அதைத் தரை கழுவப் பயன்படுத்துகிறேன். சுவைக்காக வடிகட்டாத நீரைக் கலக்கும் திருகு பல கருவிகளில் உண்டு. அதைத் திறந்தால் நீக்கிய ஃபுளோரைடு திரும்ப வரும், மூடியே வையுங்கள்.

என் ஆர்.ஓ. அனுபவம் இரண்டு ஆண்டுதான். சவ்வை ஒரு முறையே மாற்றியிருக்கிறேன். ஆர்செனிக் உள்ள நீருக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிடாதீர்கள். அதன் மூவிணைதிற வடிவம் (ஆர்செனிக் III) அலுமினா, ஆர்.ஓ. இரண்டிலுமே சரியாகச் சிக்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும்.