நெல்லையிலிருந்து செந்தூருக்கும் செங்கோட்டைக்கும்: கிளைப்பாதை வண்டிகளை நம்பலாமா?

நேரடியாகச் சொன்னால், நம்பலாம். ஆனால் அட்டவணையைப் பார்த்து மட்டும் கிளம்பக் கூடாது, எதிரே எந்த வண்டி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதை 61 கி.மீ., திருநெல்வேலி – தென்காசி – செங்கோட்டை பாதை சுமார் 80 கி.மீ. இரண்டும் ஒற்றைத் தண்டவாளப் பாதை, போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அது ஒன்றுதான். மீட்டர் கேஜாக இருந்து, முதலாவது 2008-லும் இரண்டாவது தென்காசி வரை 2012-லும் அகலப் பாதையாயின. இப்போது இரண்டிலும் மின்சார எஞ்சின் ஓடுகிறது. இவ்வளவு மாறியும் பயண நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லையே என்பதுதான் பலருடைய குறை. அதற்குக் காரணம் உண்டு.

செந்தூர் பாசஞ்சர் இடையில் பத்து இடங்களில் நிற்கிறது: பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். ஒரு நிறுத்தம் என்றால் நிற்கிற ஒரு நிமிடத்தோடு போவதில்லை. பிரேக் பிடிப்பதற்கும் மறுபடி வேகம் எடுப்பதற்குமாகச் சேர்த்து மூன்று நிமிடமாவது ஆகும். பத்து நிறுத்தத்துக்கு அரை மணி நேரம். 61 கி.மீ.யை நிற்காமல் 80 கி.மீ. வேகத்தில் ஓடினால் 46 நிமிடம், 110-ல் ஓடினால் 33 நிமிடம். வேகத்தை 110 வரை கூட்டினாலும் மிச்சம் 13 நிமிடம்தான். ஒரே ஒரு கிராசிங், அதாவது எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது, சொதப்பினால் அதுவும் போய்விடும்.

கிராசிங்கில் நடப்பது இதுதான். முதலில் வருகிற வண்டி லூப்பில், அதாவது ஸ்டேஷனில் உள்ள பக்கத் தண்டவாளத்தில், ஒதுங்கும். வண்டியைத் தண்டவாளம் மாற்றும் பாயிண்ட் 1-க்கு 12 என்ற சாய்வில் இருந்தால் 30 கி.மீ. வேகத்தில் நுழையலாம், 1-க்கு 8½ ஆக இருந்தால் 15 கி.மீ.தான். எதிர் வண்டி முழுதாக ஸ்டேஷனுக்குள் வந்து, முந்தைய பிளாக் (இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பாதை) காலி என்று உறுதியாகி, பாயிண்டை மாற்றி, சிக்னல் விழ வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலே ஐந்து நிமிடம். எதிர் வண்டி அப்போதுதான் அடுத்த ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டிருந்தால் இருபது நிமிடம் உட்கார வேண்டியதுதான். பெட்டிக்குள் இருப்பவர்கள் "சிக்னல் போடலை" என்று ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுவார்கள். அவர் கையில் ஒன்றுமில்லை.

ஆகவே ரயில் இருப்பிடம் காட்டும் செயலியில் உங்கள் வண்டியை மட்டும் பார்ப்பதில் பாதிப் பலன்தான். எதிரே வருகிற வண்டியின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். அது லேட் என்றால் உங்கள் வண்டி செய்துங்கநல்லூரிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ நாசரேத்திலோ காத்திருக்கும். செங்கோட்டைப் பாதையில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிறு நிறுத்தங்களுக்குச் செயலி காட்டும் நேரம் பெரும்பாலும் கணக்குப் போட்டுச் சொல்வது. ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிற இடத்து நேரத்தைத்தான் நம்பலாம். இன்னொன்று, ஜங்ஷனுக்கு முந்தைய கடைசி சில கிலோமீட்டருக்கு அட்டவணையில் தாராளமாக நேரம் விட்டிருப்பார்கள். வழியில் பத்து நிமிடம் லேட்டான வண்டி திருநெல்வேலிக்குச் சரியான நேரத்தில் வந்து நிற்பது அதனால்தான். ஆனால் பாளையங்கோட்டையில் இறங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

"இன்னும் ரெண்டு வண்டி விடுங்க" என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. கணக்கைப் பார்ப்போம். இரண்டு கிராசிங் ஸ்டேஷனுக்கு இடையே 15 கி.மீ., ஓட 20 நிமிடம், பிளாக் வேலைக்கு 5 நிமிடம் என்று வைத்தால், ஒரு வண்டிக்கு 25 நிமிடம். 1440 நிமிடத்தை 25-ஆல் வகுத்து, அதில் 70 சதவீதம் எடுத்தால் நாளொன்றுக்கு நாற்பது வண்டி. காகிதத்தில் பாதை காலியாகத்தான் தெரியும். ஆனால் கல்லூரிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களுக்கு வேண்டியது காலை 7-லிருந்து 9 வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் இருபக்கமும் சேர்த்து நாலு வண்டிதான் நுழையும். அங்கே கூடுதல் வண்டி கேட்பதைவிட, இருக்கிற வண்டிக்குப் பெட்டி கேட்பதும், நீளமான பிளாக்கின் நடுவில் ஒரு கிராசிங் ஸ்டேஷன் கேட்பதும் பலன் தரும். கேஜ் மாற்றத்தின்போது ஹால்ட் (வண்டி நின்று போகும் இடம் மட்டும்) ஆக்கப்பட்ட ஊர்களில் லூப் போனதன் விலை இது.

டிக்கெட் விஷயம். கொரோனாவுக்குப் பிறகு குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகி, 2024 பிப்ரவரியில் மறுபடி 10-க்கு வந்தது. தினசரி போகிறவர்களுக்குச் சீசன்தான் சரி. மூன்று மாத சீசன் மாதச் சீசனைப் போல் 2.7 மடங்குதான், மூன்று மடங்கு இல்லை. சூப்பர்ஃபாஸ்டில் ஏறினால் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. திருச்செந்தூரிலிருந்து தென்காசி போகிறவர்கள் நெல்லையில் இறங்கி இரண்டாவது டிக்கெட் எடுக்காமல் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் எடுக்கட்டும், தூரம் கூடக் கூடக் கிலோமீட்டர் விலை இறங்கும். ஆனால் இணைப்பு வண்டி உங்களுக்காக நிற்காது. நடுவில் முக்கால் மணி நேரமாவது இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

இறங்கும் இடம் தெரியாமல் அலைவதும் உண்டு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் இருப்பது புதுக்குடியில், ஊர் ஆற்றுக்கு அக்கரையில். பாபநாசம், காரையாறு போக அம்பாசமுத்திரத்தில் இறங்க வேண்டும், குற்றாலத்துக்குத் தென்காசி. சாதாரண நாட்களில் காலாட்டிக்கொண்டு போகலாம். கந்த சஷ்டி, தைப்பூசம் என்றால் செந்தூர் வண்டியிலும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி ஞாயிறுகளில் தென்காசி வண்டியிலும் கால் வைக்க இடமிருக்காது.

மழைக்காலம் தனிப் பாடம். செந்தூர் பாதை தாமிரபரணிப் பாசனக் குளங்களின் ஓரமாகப் போகிறது. குளம் உடைந்தால் தண்ணீர் பாதையைத்தான் தேடி வரும். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, சுமார் 800 பேர் சிக்கினார்கள். அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் தொங்கிய இடம் அதே பகுதிதான். வடகிழக்குப் பருவமழையில் எச்சரிக்கை வந்தால் கடைசி வண்டியை நம்பாமல் முந்தைய வண்டியில் கிளம்புவது நல்லது. ஆறுமுகநேரிக்கு அப்பால் வேறு எதிரி, உப்புக் காற்று. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குக் கீழே லைனர் என்று ஒரு தகடு இருக்கும், அதன் அடியில் தண்டவாளத்தின் பாதம் துருப்பிடித்துச் செதிலாக உதிரும். கிளிப் இறுகிப்போய்ச் சுத்தியலால் அடித்தாலும் கழலாது. அங்கே பாதையை நடந்து பார்த்துச் சரிசெய்யும் கீமேனுக்குக் கடலை விட்டுத் தள்ளிய பகுதியைவிட வேலை அதிகம்.

சரக்குக்கு வருவோம். பாதையில் எப்போதாவது ஜல்லி வண்டியும் பராமரிப்பு வண்டியும் தெரியும், வியாபாரச் சரக்கு அரிது. நெல்லும் வாழையும் விளைகிற இடத்தில் ஏன் இப்படி என்றால், ரயில்வே இன்று ரேக் (ஒரு முழுச் சரக்கு வண்டி) கணக்கில்தான் பேசுகிறது. ஒரு வேகன், இரண்டு வேகன் புக் செய்த காலம் போய்விட்டது. 42 வேகன் ரேக்கில் ஏறக்குறைய 2,600 டன். அதை இறக்க 20 டன் லாரி 130 நடை வேண்டும். லோடுமேன், விளக்கு, லாரி திரும்பும் இடம் எல்லாம் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். நேரம் தாண்டினால் வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். 42 வேகனுக்கு மணிக்கு 6,300. புதிய வகை 58 வேகன் ரேக் என்றால் வேகன்கள் மட்டும் 636 மீட்டர், எஞ்சினும் பிரேக் வேனும் சேர்ந்தால் 680-ஐ நெருங்கும். 18 பெட்டிப் பயணிகள் வண்டி 420 மீட்டர் அளவில் முடிந்துவிடும், ஆகவே கிளைப்பாதை ஸ்டேஷனில் இவ்வளவு நீளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்றைக் கடக்க விடுவது லேசான காரியமில்லை. செங்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதையில் இன்னும் கடினம்: குறைந்த வேகம், பின்னால் தள்ள இன்னொரு எஞ்சின். ஆகவே தாழையூத்து சிமெண்ட் ஆலையின் சைடிங் (சரக்கு ஏற்றி இறக்கும் தனித் தண்டவாளம்) மெயின் லைனில் இருப்பதும் சரக்கு அங்கேயே தங்குவதும் இயல்பு.

சிறு வியாபாரிக்கு மிஞ்சுவது லக்கேஜ், பார்சல் இரண்டுதான். சீசன் டிக்கெட்டுக்கு 10 கிலோ இலவசம், சாதாரண இரண்டாம் வகுப்புக்கு 35. பூக்கூடை அதற்கு மேல் போனால் புக் செய்துவிடுங்கள், பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல் ஆறு மடங்கு. பைக் அனுப்ப வேண்டுமென்றால் திருநெல்வேலி அல்லது தென்காசி மாதிரி பார்சல் ஆபீஸ் உள்ள ஸ்டேஷனுக்கே கொண்டுபோக வேண்டும். ஒரு நிமிட நிறுத்தத்தில் ஏற்றவே மாட்டார்கள். பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். கண்ணாடி, இண்டிகேட்டரைக் கழற்றி, டேங்க்கையும் ஹெட்லைட்டையும் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டுங்கள். பெயர், ஊர், போன் நம்பரை அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும். பைக் வந்த அன்றே எடுத்துவிடுங்கள், இலவச நேரம் தாண்டினால் வார்ஃபேஜ், அதாவது எடுக்காமல் வைத்திருப்பதற்கான கட்டணம், ஓட ஆரம்பிக்கும்.