ஆறு வருஷமா மொரிஸ் மைனர்: ஒயில் ஒழுக்கோட பட்ட பாடும் நிப்பாட்டின விதமும்

2019இல இந்த மொரிஸ் மைனர் காரை வாங்கேக்க எஞ்சின் நல்ல சத்தம், வெளித் தகரத்தில துரு இல்லை, 1098 சிசி, நான் வேற ஒண்டையும் பாக்கேல்ல. அண்டைக்குப் பின்னேரம் வீட்டு வாசல் சீமெந்தில உள்ளங்கையளவு கறுப்பு. அடுத்த நாள் இன்னும் பெரிசு. பக்கத்தில இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோக, மேல கவர் காஸ்கெட் (இடுக்கால ஒயில் வராமல் வைக்கிற அடைப்பு), கீழ ஒயில் தேங்கிற சம்புக்கான காஸ்கெட் ரெண்டையும் மாத்தி, அதுக்கு மேல சிலிக்கனும் தாராளமாப் பூசி விட்டவை. ரெண்டு மாசம் பரவாயில்லை, பிறகு பழையபடி.

2022இல பெற்றோல் இல்லாத காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் வந்த பிறகும் நான் சைக்கிள்தான், கார் மாசக்கணக்கா கொட்டிலுக்குள்ள நிண்டது. திரும்ப எடுத்து ஓட்ட வெளிக்கிட்டா முன்னால பின்னால பக்கத்தால எண்டு எல்லா இடத்தாலயும் ஒயில். 200 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஊத்த வேண்டி வந்தது. ஓடாமல் நிண்டா கோர்க் காஸ்கெட் காஞ்சு சுருங்கும், அது ஒரு காரணம், ஆனா அதுமட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்தில சுன்னாகம் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் ஐயாட்டக் கொண்டுபோனன். அவர் ஸ்பானரே எடுக்கேல்ல, எஞ்சினை ஸ்டார்ட்டில விட்டு ஒயில் ஊத்திற மூடியைக் கழட்டி உள்ளங்கையை மேல பிடிச்சார், பிறகு என்ர கையையும் பிடிக்கச் சொன்னார், பொக்கு பொக்கெண்டு சூட்டுக் காத்து தள்ளுது. "தம்பி, எல்லா இடத்தாலயும் ஒழுகுதெண்டா முதல்ல மூச்சுக் குழாயைப் பாக்க வேணும், காஸ்கெட் எல்லாம் பிறகு" எண்டார். இந்த எஞ்சினுக்கு முன்பக்க ரப்பெற் தட்டில (வால்வைத் தள்ளுற பகுதியை மூடுற பக்கத் தகட்டில) இருந்து ஒரு குழாய் கீழ இறங்குது. அதைக் கழட்டிப் பாத்தா உள்ளுக்குக் கரியும் ஒயிலும் சேந்து இறுகின கறுப்புக் களி, வாயில குளவி கட்டின மண்கூடு, அச்சொட்டா அடைப்பான் வச்ச மாதிரி. பிஸ்டனைத் தாண்டி கீழ வாற காத்துக்குப் போக வழியில்லை, அது ஒயிலையும் தள்ளிக்கொண்டு கிடைச்ச இடுக்கால வெளிய வருது. மண்ணெண்ணெயில ஊறப்போட்டு பழைய சைக்கிள் பிரேக் கேபிளால குத்தி எடுத்தம். அண்டைக்கு அவர் காசு வாங்கேல்ல. அந்தக் குழாயோடயே பாதி ஒழுக்குக் குறைஞ்சது, நான் 2019இல முதல் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்.

மிச்சத்தை நானே தேடினன். எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷும் வச்சுத் தேய்ச்சு, சோப்புத் தண்ணியால கழுவி, வடிவாக் காய விட்டு, சந்தேகமான இடங்களில முகத்துக்குப் போடுற பவுடரை மெல்லிசாத் தூவினன். பிறகு பருத்தித்துறைப் பக்கம் ஒரு 20 கிலோமீற்றர் ஓடி வந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா, வெள்ளையில கறுப்புக் கோடு எங்க தொடங்குதெண்டு பளிச்செண்டு தெரியும். ஒயில் கீழ வழியும், ஓடேக்க காத்து அதைப் பின்னால தள்ளும், அதால சொட்டுற இடத்தை வச்சு முடிவெடுக்காமல் நனைஞ்சதில ஆக மேலயும் ஆக முன்னாலயும் இருக்கிற இடத்தைப் பிடியுங்கோ. இரவில காருக்குக் கீழ மட்டை போட்டு, நாலு ரயரும் நிக்கிற இடத்தையும் அதில கீறி வையுங்கோ, அப்பதான் எந்தச் சொட்டு எதுக்கு நேரெண்டு விளங்கும்.

மேல கவரில ரெண்டே ரெண்டு நட். ஒழுகுதெண்டு இறுக்க இறுக்க தகரம் வளைஞ்சு இன்னும் கூட ஒழுகும். தகரத்தைத் தட்டி நேராக்கி, புதுக் கோர்க், நட்டுக்குக் கீழ புது ரப்பர், மெல்லமா ஒரு இறுக்கு, இண்டைக்கு வரைக்கும் காய்ஞ்சு கிடக்கு. மனிபோல்டுக்கு (காத்து உள்ள போற, புகை வெளிய வாற குழாய்களுக்கு) பின்னால மறைஞ்சிருக்கிற ரெண்டு ரப்பெற் தட்டும் அப்படித்தான், ஒவ்வொண்டுக்கும் நடுவில ஒரே ஒரு போல்ட், அதையும் யாரோ பல்லைக் கடிச்சு இறுக்கித் தட்டு குழிஞ்சு கிடந்தது.

ஒயில் பில்டர்தான் என்னை உலுக்கினது. இதில பில்டரை மூடுற கிண்ணம் ஒரு காடிக்குள்ள இருக்கிற ரப்பர் வளையத்தில போய்க் குந்துது. பழைய வளையம் கறுத்து இறுகி இரும்போட இரும்பா இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது, அதுக்கு மேலயே புதுசைப் போட்டுடுவினம். நான் ஊசியால கிண்டிக் கிண்டி எடுத்தன், ஒண்டில்லை, ரெண்டு பழைய வளையம். ஓடேக்க அந்த இடத்தில ஒயில் பிரஷர், பிய்ச்சுக்கொண்டு போனா றோட்டிலேயே எஞ்சின் முடிஞ்சிருக்கும்.

முன்னால டைமிங் கவர் (செயினை மூடுற தகடு) சீல் மாத்தேக்க பெல்ட் ஓடுற கப்பியை முதல்ல உள்ள விட்டு, சீல் நடுவுக்கு வந்த பிறகுதான் கவர் போல்டுகளை இறுக்க வேணும், இல்லாட்டி சீல் ஒரு பக்கம் தேஞ்சு ஒரு வருஷம் தாங்காது. சம்பைக் கழட்டினப்ப ஒயில் இழுக்கிற வலையில அந்தச் சிலிக்கன் புழுப் புழுவா ஒட்டியிருந்தது. அதைக் கண்ட நாள் தொடக்கம் சிலிக்கன் குழாயை வீட்டுக்குள்ளயே விடுறேல்ல. வடிகட்டிற போல்டின்ர செம்பு வோஷரைக் கூட நெருப்பில சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா திரும்ப மெதுமையாகும், ஐயா காட்டித் தந்தது.

அந்த ஐயா போர் நேரத்து எரிபொருள் தடைக் காலத்தில எல்லாக் காரையும் மண்ணெண்ணெயில ஓட்டி வச்ச ஆள். ஸ்டார்ட்டுக்குச் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அது எரியாமல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்புக்குள்ள இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், இந்த எஞ்சினும் அதைக் கண்டதுதான் எண்டு தடவிக்கொண்டே சொன்னார்.

இனி பின்பக்கம். இந்த எஞ்சினில கிராங்கின்ர (பிஸ்டன்கள் சுத்திற தண்டின்ர) பின் முனையில ரப்பர் சீலே கிடையாது, ஒரு திருகுக் காடி வெட்டியிருக்கு, சுத்தேக்க அது ஒயிலை உள்ளுக்குத் திருப்பி இழுக்குது. நிப்பாட்டினா ரெண்டு மூண்டு சொட்டு வரத்தான் செய்யும், கிளச் கூட்டுக்குக் கீழ அதுக்கெண்டே ஒரு ஓட்டை, அடைபடாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின்னும் (ரெண்டாப் பிளந்த கம்பி ஊசி) தொங்குது. அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ, ஒயில் கிளச் பிளேட்டுக்கு ஏறும். கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான் எண்டபடியா மணத்தில பிரிக்கேலாது, நிறத்தில பாருங்கோ, கறுப்பெண்டா எஞ்சின், தெளிவெண்டா கியர்பொக்ஸ்.

2020இல இருந்து 2025 வரைக்கும் வாகன இறக்குமதி நிண்டதால பழங்காருக்கும் விலை ஏறினது, வித்துப்போட்டு வேற எடு எண்டு கனபேர் சொன்னவை. சாமான் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில கிடைக்கும், இல்லாட்டி கொழும்பில பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி விடுவன், நான் விக்கேல்ல. 20டபிள்யூ50 ஒயில்தான் ஊத்துறன், இப்ப 1000 கிலோமீற்றருக்கு கால் லீற்றர் குறையுது. போன கிழமை மட்டையில மூண்டு சொட்டு, மூண்டும் ஸ்பிளிட் பின்னுக்கு நேர கீழ, கறுப்பு. கிளச் வழுக்கேல்ல, அதால எஞ்சினை இறக்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.